தொட்டில் சுவர்

போடியில் எங்கள் வீட்டின் ஏலக்காய் அறை மின்கசிவில் எரிந்தது. தீயணைக்க அடித்த தண்ணீரில் அடுத்த அறைச் சுவரும் ஊறி, கறுப்பாகப் பூசணம் பிடித்தது. பிள்ளை பெற்ற மகள் பத்து நாளில் அந்த அறைக்குத்தான் வருகிறாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பெயின்டர் ஒல்லியானவர், புருவத்தில்கூடச் சுண்ணாம்புத் தூள். பூசணத்தைச் சுரண்டிக் கழுவியவர், பெயின்ட் டப்பாவைத் திறக்கவே இல்லை. சாணளவு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போவார். காலையில் வந்து பார்த்தால் தாளின் உள்பக்கம் வேர்த்திருக்கும்.

"சுவரு இன்னும் காயலண்ணே. இப்ப அடிச்சா திரும்பப் பூத்துரும்."

தினமும் இதே பேச்சு. ஆறாம் நாள் பொறுமை போய், அவர் வருமுன் டேப்பைப் பிரித்து, துளிகளைத் துடைத்து, பழையபடி ஒட்டிவைத்தேன். வந்தவர் சுருக்கம் விழுந்த டேப்பை விரலால் தடவினார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"தொட்டிலு எங்கனண்ணே கட்டுவீக?"

சுவரோரம் உத்தரத்தில் இருந்த கொக்கியைக் காட்டினேன். அங்கே, குழந்தையின் தலை வரும் உயரத்தில், புதுத் தாள் ஒன்றை ஒட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் விடியலில் அதிலும் துளிகள். துணி கையில்தான் இருந்தது. துடைக்கக் கை போகவில்லை.