பாய் கொடுத்த பாட்டில்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தேன். ஸ்டீராய்டு மருந்துகளை உடல் எப்படிச் சிதைத்து வெளியேற்றுகிறது என்பது தலைப்பு. ஒப்பிட்டுப் பார்க்க, எந்த மருந்தும் சாப்பிடாதவர்களின் ஒரு நாள் சிறுநீர் முழுவதும் வேண்டும். பாட்டிலை நீட்டி இதைக் கேட்கிற பெண்ணை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு வெட்கம் கம்மி. பதினோரு பேரைப் பிடித்துவிட்டேன்.

அதில் ஒருவர் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மண்டியில் ஏலம் கூவுகிறவர். அவர் அங்கே வாயைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டில் கேட்கும்.

உடலில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டில் ஒரு பங்கு, கார்ட்டிசோனாக மாறி வெளியேறும். சிறுநீரின் சாற்றைக் காகிதத்தில் ஓடவிட்டுச் சாயம் தெளித்தால் இரண்டும் தனித்தனி நீலப் புள்ளிகளாகத் தெரியும். மற்ற பத்துப் பேருக்கும் கார்ட்டிசோன் புள்ளிதான் பெரிது. பாய்க்கு மட்டும் தலைகீழ். மூன்று பாட்டில் வாங்கிச் செய்தும் அதே கதை.

சென்னையில் இருந்த என் வழிகாட்டிப் பேராசிரியர் காகிதத்தை ஓரமாகத் தள்ளினார்.

"கை சுத்தமில்லம்மா, நீ செஞ்சதுலதான் தப்பு. அந்த ஆள எடுத்துடு. இல்லன்னா நான் கையெழுத்துப் போட முடியாது."

பதிவுக் காலம் முடிய ஆறு மாதம்கூட இல்லை. அவர் கையெழுத்து இல்லாவிட்டால் ஐந்து வருட உழைப்பு குப்பைக்குத்தான். ஆனாலும் கை சுத்தமில்லை என்றது சுருக்கென்று தைத்தது. இரண்டு மூன்று வாரம் கழித்து நான்காவது பாட்டிலை பாயிடம் நீட்டினேன்.

அது ஒழுங்காக வந்து தொலைத்தது! மற்ற பத்துப் பேரைப் போலவே இருந்தது. அப்படியானால் பேராசிரியர் சொன்னதுதான் சரியா? மறுநாள் காலை பாயின் வாசலில் போய் நின்றேன்.

"பாய், என்னத்த மாத்தினீங்க? உண்மையச் சொல்லுங்க."

"என்னத்த மாத்தறது டீச்சரம்மா? நோன்பு மாசம். பகல்ல பச்சத்தண்ணிகூட கெடையாது. ஏலத்தையே தம்பிதான் கூவறான்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. கத்தாததால தொண்டைக்கு மெல்லற அதிமதுரக் கட்டைய தொடறதில்ல. மத்த நாள்ல பூரா அது வாயிலயே கெடக்கும். கொஞ்சம் ஜாஸ்திதான்."

மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று நான் முதலிலேயே கேட்டிருந்தேன். இல்லை என்றிருந்தார். அதிமதுரத்தை யார் மருந்து என்று நினைப்பார்கள்? நானே நினைக்கவில்லை.

பெருநாள் கழிந்து அவர் மறுபடி கூவத் தொடங்கினார், கட்டையையும் மென்றார். சில வாரத்தில் புள்ளி மறுபடி தலைகீழானது. எனக்கு அதுவும் போதவில்லை. நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கி இரண்டு வாரம் நானே மென்றேன். முகம் வீங்கியது, மோதிரம் கழலவில்லை. என் காகிதத்திலும் கார்ட்டிசால் புள்ளி பெரிதாகியிருந்தது. ஆளில்லாத ஆய்வகத்தில் கைதட்டிக் குதித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

சென்னையில் எல்லாக் காகிதங்களையும் வரிசையாகப் பரப்பினேன். பேராசிரியர் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"இந்தக் கடைசி ஆள் யாரு?"

"நான்தான் சார். கையும் என்னோடதுதான்."

சிரித்துவிட்டார். கையெழுத்தும் போட்டார். பாயின் புள்ளிகள் தனி அத்தியாயமாக ஆய்வேட்டுக்குள் போயின. அதிமதுரம் அதிகமானால் ரத்தக் கொதிப்பு ஏறும், தொண்டைக்குக் கல்கண்டு போதும் என்று பாயிடமும் சொல்லிவைத்தேன்.

பட்டம் கிடைத்த மறுநாள் ஸ்வீட் பெட்டியோடு மண்டிக்குப் போனேன். பாய் ஏலத்தைப் பாதியில் நிறுத்தினார்.

"கேட்டுக்குங்கப்பா! நம்ம டீச்சரம்மா டாக்டராயிட்டாங்க! எல்லாம் எம் மூத்திரத்துல வந்த படிப்பு!"

மண்டியே சிரித்தது. நான் தலை குனியவில்லை. மூட்டைகளுக்கு நடுவில் நின்று, "ஆமாம் பாய், பதினோரு பேர்ல உங்களுதுதான் ஒசத்தி!" என்று அவர் குரலுக்குச் சமமாகக் கத்தினேன்.