நிற்கும்போது வராத பழுது

மூன்றாவது முறையாக வண்டி அதே பாலத்து ஏற்றத்தில் நின்றது. பழுதக்காவுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்து முழுதாக இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

அவளுக்குப் பழுதக்கா என்று பேர் வாங்கிக் கொடுத்தது டெலிபோன். முப்பத்தொரு வருஷம் எக்ஸ்சேஞ்சின் பழுதுப் பிரிவில் உட்கார்ந்திருந்தாள். யார் வீட்டு போன் செத்தாலும் பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டுப் புகார் சொல்வது அவளிடம்தான். மேஜை மேலிருந்த மீட்டர் முள்ளைப் பார்த்தே, கோளாறு கம்பத்திலா, வாசலிலா, கருவிக்குள்ளா என்று சொல்லிவிடுவாள். மழை பெய்தால் மட்டும் கரகரக்கிறது என்பார்கள். மாமியார் பேசும்போது மட்டும் அறுந்துபோகிறது என்பார்கள். எதற்கும் சிரிக்காமல் எழுதிக்கொள்வாள். ஒரு கோளாறு எப்போது வருகிறது என்று கேட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி என்பது அவள் அனுபவம்.

வண்டி அவளைவிட நாலு வயது மூத்தது. உருண்டை விளக்கு, தடித்த பம்பர், கதவைச் சாத்தினால் பெட்டகம் மூடுகிற சத்தம். அவளும் வீட்டுக்காரரும் சேர்ந்து ஆசைப்பட்டு வாங்கியது. அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். முதலில் அவர்தான் ஓட்டினார். பிறகு அவருக்குப் பார்வையின் நடுப்பகுதி மங்கிப்போயிற்று. பதினோரு வருஷமாக ஸ்டியரிங் இவள் கையில்தான். அவர் பக்கத்து சீட்டில்.

ஒன்றரை மாதத்துக்கு முன் வண்டி ஓட ஓட வெட்ட ஆரம்பித்தது. திடீரென்று செத்துப்போகும். ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றும் தெரியாததுபோல ஸ்டார்ட் ஆகும். பழுதக்கா ஒர்க்‌ஷாப்காரரிடம் கொண்டுபோய் விவரமாகச் சொன்னாள்: நிற்கும்போது வராது, ஓடும்போதுதான் வருகிறது, அதுவும் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து ஏற்றத்தில் போகும்போது.

அவர் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். பிறகு திரும்பி, வீட்டுக்காரரைப் பார்த்து, "சார், கார்புரேட்டர் போயிடுச்சு. மாத்திடலாமா?" என்றார்.

வீட்டுக்காரர் ரொம்பத் தெரிந்தவர் மாதிரி தலையாட்டினார்.

இரண்டாம் முறை பெட்ரோல் பம்ப். மூன்றாம் முறை பெட்ரோலைக் கொளுத்தும் பொறிக்கான பாயிண்ட்டும் பிளக்கும். ஒவ்வொரு தடவையும் இவள் வாயைத் திறப்பதும், அவர் "சார்" என்று அந்தப் பக்கம் திரும்புவதும் நடந்தது. ஒவ்வொரு தடவையும் வண்டியை முற்றத்தில் நிறுத்தியபடியே அரைமணி நேரம் ஓடவிட்டு, தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது பாருங்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். நிற்கும்போது வராது என்று தொண்டை வறளச் சொன்னவள் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள். மூன்றாம் முறை புதிதாக ஒரு யோசனையும் வந்தது. பழைய வண்டி சேர்க்கிற நண்பர் ஒருவர் இருக்கிறாராம். இன்ஜின் முழுதாகப் போவதற்குள் தள்ளிவிடுவது நல்லதாம். அதையும் சாரிடம்தான் சொன்னார்.

இப்போது பாலத்தில் ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவே இல்லை. இவ்வளவு நாள் கொஞ்ச நேரத்தில் உயிர் வந்துவிடும். இன்றைக்குக் கால்மணி நேரமாகியும் அசையவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. பழுதக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி பானெட்டைத் திறந்தாள். சீட்டுக்கு அடியிலிருந்த தகர டப்பாவிலிருந்து இரண்டு ஒயரும் கிளிப்பும் வைத்துக் கட்டிய ஒரு சின்ன பல்பை எடுத்தாள்.

"சாவியைத் திருப்புங்க. நான் போதும்னதும் விட்டுடுங்க" என்றாள் பக்கத்து சீட்டிலிருந்த வீட்டுக்காரரிடம்.

முதலில் பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்த்தாள். சாவியைத் திருப்பியதும் பீச்சி அடித்தது. ஆக, கார்புரேட்டரையும் பம்பையும் மாற்றியதெல்லாம் தண்டம். குழாயை மாட்டி, சிந்தியதைத் துடைத்துவிட்டு, பிளக்குக்குப் போகும் தடித்த ஒயரை இன்ஜின் அருகே பிடித்தாள். சாவியைத் திருப்பியும் ஒரு பொறிகூட இல்லை. போன் லைன் என்றால் நடுவில் பாதியாகப் பிரித்து எந்தப் பாதியில் கோளாறு என்று பார்ப்பாள். அதேபோல் பொறிக்குக் கரண்ட் ஏற்றித் தரும் காயிலின் ஒரு முனையில் பல்பை வைத்தாள். எரிந்தது. கரண்ட் அதுவரை வருகிறது. மறுமுனையில் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னாள். இன்ஜின் சுற்றும்போது பல்பு அணைந்து அணைந்து எரிய வேண்டும். அது சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தது. அப்படியென்றால் கரண்ட் பாயிண்ட்டைத் தாண்டவில்லை, கோளாறு பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்.

மூடியைத் திறந்தாள். புதுப் பாயிண்ட் பளபளத்தது. அதற்குப் போகும் விரல் நீள ஒயரைப் பார்த்தாள். அது பழசு. மேலே ஒரு கீறலும் இல்லை. விரலால் பிடித்து மெல்ல இழுத்தாள். ரப்பர் மாதிரி நீண்டது. மேலுறைக்குள் செம்பு இழை அறுந்து கிடந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு, ஆக்சிலேட்டரை மிதித்து ஓட்டும்போது கொஞ்சம் திரும்பும். திரும்பினால் ஒயர் இழுபடும், அறுந்த இழை விலகும். நின்றால் தட்டு பழைய இடத்துக்கு வரும், இழை தொட்டுக்கொள்ளும். இன்றைக்குத் தொட்டுக்கொள்ளவும் மிச்சமில்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. முதல் நாள் அவள் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் பத்து நிமிஷ வேலை.

அப்போது ஒர்க்‌ஷாப்காரரின் வேன் கயிறோடு வந்து நின்றது. இவள் குனிந்திருந்தபோது வீட்டுக்காரர் போன் பண்ணியிருக்கிறார்.

வந்தவர் பானெட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தான் சொன்னேனே சார், இன்ஜினே போச்சு. கட்டி இழுத்துட்டுப் போயிடலாம்" என்றார் சீட்டிலிருந்தவரிடம்.

பழுதக்கா பல்பு ஒயரில் ஒரு துண்டு வெட்டி, முனைகளைச் சீவி, அறுந்ததற்குப் பதிலாக முறுக்கி இறுக்கினாள். மூடியை மாட்டினாள். "திருப்புங்க." முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. கழற்றிய ஒயரை ஒர்க்‌ஷாப்காரர் முகத்துக்கு நேரே நீட்டி இழுத்துக் காட்டினாள்.

"இது காலையில நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"பாயிண்ட்டை மாத்தினீங்களே, இதைத் தொட்டுப் பாத்தீங்களா?"

அவர் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். நாளைக்குத் தன் பழைய கார்புரேட்டரையும் பம்பையும் எடுத்து வைக்கச் சொன்னாள். அதெல்லாம் அப்போதே குப்பைக்குப் போய்விட்டது என்று முனகிவிட்டு அவர் வேனில் ஏறினார்.

வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் அவள் கேட்டாள். "உங்களுக்கு என்ன தெரியும்னு தலையாட்டுனீங்க?"

அவர் எதிரே, சுவர் இருக்கும் திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒண்ணும் தெரியாதுதான். கண்ணு போனதுலேர்ந்து என்கிட்ட யாரும் எதுவும் கேக்குறதில்ல. அவன் கேட்டான். நல்லா இருந்துச்சு."

"அதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?"

பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கோபம் தணியவில்லை. ராத்திரி தட்டை அவர் முன்னால் வைத்த சத்தத்திலேயே அது தெரிந்தது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். வழக்கம்போல ஒர்க்‌ஷாப்காரர், "சார், அதை எங்க போட்டேன்னே தெரியல" என்று ஆரம்பித்தார்.

வீட்டுக்காரர் கையை உயர்த்தினார். "நான் வண்டி ஓட்டுறதில்லங்க. கேட்டது அவங்க. அவங்களப் பாத்துச் சொல்லுங்க."

ஒர்க்‌ஷாப்காரர் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கழுத்தைச் சொறிந்தார். அவள் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டாள். இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிளம்புவதாக இல்லை என்றாள். முக்கால் மணி நேரம் கழித்து, உள்ளே மேல்தட்டிலிருந்து கார்புரேட்டரும் பம்பும் செய்தித்தாள் சுற்றிப் பத்திரமாக இறங்கின. பழைய வண்டி சேர்க்கும் நண்பருக்கு எடுத்து வைத்தது என்று கேட்காமலே புரிந்தது.

அவள் தாளைப் பிரித்தாள். கார்புரேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மேல் மூடியில நாலு ஸ்க்ரூ. மூணுதான் இருக்கு."

"அதுவாம்மா? சின்ன ஸ்க்ரூதானே..."

"தேடுங்க."

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிந்தார். வீட்டுக்காரர் இன்னொரு டயர் அடுக்கைக் கையால் தடவிக் கண்டுபிடித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். பேச்சு மட்டும் கொடுக்கவில்லை.