அஜக்ஸ்காரர் தனியப் போன கதை

போன சனிக்கிழமை, ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் அஜக்ஸுக்கு வடக்கே, புது வீடுகள் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தெருவில் வழி தவறிவிட்டேன். முப்பது வருடமாக இருக்கிற ஊரில் வழி தவறுகிறாளே என்று நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். போன வருடம் அந்தத் தெரு சோளக்காடு. காரை ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கியதும் மழையில் நனைந்த பச்சைப் பலகையின் வாசம் குப்பென்று வந்தது. அதோடு எங்கோ மிச்சமிருந்த வயலிலிருந்து மாட்டெரு மணம். இரண்டும் சேர்ந்தால் எனக்கு வழியும் மறந்துபோகும், வயதும் மறந்துபோகும்.

எங்கள் வீடும் அந்த மணத்தோடுதான் எங்களிடம் வந்தது. தெருவில் விளக்கு இல்லை, நடைபாதை இல்லை. வாசலில் முழங்கால் சேறு. என் கணவர் கட்டிட ஆட்கள் விட்டுப்போன பலகைகளைப் பரப்பிப் பாலம் போட்டார். அதில் வழுக்கி விழுந்த முதல் ஆளும் அவர்தான். முருங்கைக்காய் வேண்டுமென்றாலும் ஸ்காபரோவுக்கு ஓடவேண்டும். அந்தப் பக்கம் அப்போது எங்களோடு சேர்த்து நாலு தமிழ்க் குடும்பங்கள். ரொறன்ரோ நகர நடுவில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் இருந்த தமிழர்கள் எங்களைக் 'காட்டுக்குப் போன ஆக்கள்' என்றார்கள்.

சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்துதான் நாங்களும் போனோம். அந்த அடுக்குமாடியில் லிஃப்ட் கதவு திறக்கும்போது மூக்கை நீட்டினாலே யார் வீட்டில் மீன் குழம்பு, யார் வீட்டில் சாம்பார் என்று சொல்லலாம். ஞாயிறு பூசைக்கு நடந்தே போவோம். அங்கே எங்களுக்கு ஒரு தமிழ்க் கத்தோலிக்க சபை இருந்தது. சபைக்குத் தலைவர் செபஸ்தி அண்ணை.

செபஸ்தி அண்ணை ஊரில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். ஆளும் அப்படித்தான், எவர் எப்போது வரவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்று அவர் சொன்னால்தான் எதுவும் நகரும். அவரை யார் தலைவராகத் தெரிவுசெய்தது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. நாங்கள் வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் தன் மனைவியின் பழைய குளிர்கோட்டோடு நின்றவர் அவர். பூச்சி உருண்டை மணக்கும் அந்தக் கோட்டைத்தான் நான் இரண்டு வின்ரர் போட்டேன். எங்களுக்கு அறை பிடித்துத் தந்ததும், கணவருக்கு முதல் வேலை எடுத்துக் கொடுத்ததும் அவரே. ஆகவே பூசையில் எந்தப் பிள்ளை வேதாகம வாசகம் வாசிப்பது, யார் பாட்டுக் கோஷ்டியில் நிற்பது என்று அவர் முடிவு செய்தபோது அதை ஆட்சி என்று எங்களுக்குத் தோன்றவில்லை. வீட்டில் மூத்தவர் சொல்வதை யாராவது ஆட்சி என்பார்களா?

தூரம் போனபிறகுதான் தோன்றியது.

பிள்ளைகள் பூசையில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மை எடுப்பதென்றால் சனிக்கிழமை தோறும் சென் ஜேம்ஸ் ரவுணுக்கு வகுப்புக்கு வரவேண்டும். தவறினால் அந்த வருடம் இல்லை. கமிற்றிக் கூட்டம் புதன் பின்னேரம். அந்த நேரம் நாங்கள் ரெயினில் தொங்கிக்கொண்டு அஜக்ஸுக்குப் போய்க்கொண்டிருப்போம். எங்களைப் பற்றிய தீர்மானங்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு ரெலிபோனில்தான் வந்து சேரும். சந்தா மட்டும் தவறாமல் கட்டினோம். சபை ஹோலைக் கூட்டித் துடைக்கிற முறையும் தவறாமல் வந்தது.

எங்கள் நாலு குடும்பத்தில் ஜெயம் அக்கா மன்னாரில் ரீச்சராக இருந்தவர். "வகுப்பை நான் இஞ்சையே வைக்கிறன். வருசத்திலை ரெண்டு பெருநாளுக்கு எல்லாரும் அங்கை போவம்," என்றார். நியாயமான கோரிக்கைதான். ரெலிபோன் எடுத்து செபஸ்தி அண்ணையிடம் கேட்டோம்.

"கமிற்றி யோசிச்சது பிள்ளை, சரிவராது. இண்டைக்கு வகுப்பைக் கேப்பியள், நாளைக்குப் பூசையைக் கேப்பியள்."

இல்லை அண்ணை, கேட்கமாட்டோம் என்று சத்தியம் பண்ணினேன். அவர் சொன்னதுதான் சரி என்பது உங்களுக்கு இன்னும் சற்று நேரத்தில் தெரிந்துவிடும்.

அந்த நாட்களில் நாங்கள் கனடியக் குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தோடு இருந்த கணவர் திடீரென்று சிரித்தார். "இஞ்சை பாரும், எங்கட கதை." பழைய காலத்தில் ரொறன்ரோவில் இருந்த சின்னக் கூட்டம் ஒன்று முழு மாகாணத்தையும் ஆண்டதாம். தூரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள் ரோட்டும் பள்ளிக்கூடமும் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு யங் தெருவால் இறங்கி வந்தார்களாம்.

"வெண்டவையோ?" என்று கேட்டேன்.

"இல்லை. ஓடிட்டினம். ஆனால் கொஞ்ச வருசத்தாலை கேட்டது கிடைச்சிட்டுதாம்."

எனக்கு அது பிடித்திருந்தது. பரீட்சையில் அந்தக் கேள்வி வரவில்லை என்பது வேறு விஷயம்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஜெயம் அக்காவின் கணவர் அன்ரன் தங்கள் பிள்ளையை வகுப்புக்கு ஏற்றிக்கொண்டு போனார். 401 நெடுஞ்சாலையில் பனி கண்ணை மறைக்க, கார் சுழன்று பள்ளத்தில் இறங்கிவிட்டது. அன்ரனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. பிள்ளைக்கு நெற்றியில் தையல். ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது ஜெயம் அக்கா பிள்ளையின் இரத்தம் பட்ட தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பின்னேரம் செபஸ்தி அண்ணைக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"கடவுளே... தையல் போட்டாச்சுதே? அப்ப பயமில்லை. அடுத்த கிழமை வகுப்பை மட்டும் விட்டிடாதேங்கோ, பிள்ளைக்கு இந்த வருசம் தவறிப்போடும்."

பிள்ளையின் முதல்நன்மை தவறக்கூடாதே என்ற கவலையில்தான் அவர் சொன்னார். இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன். ஜெயம் அக்காவின் காதில் அது அப்படி விழவில்லை. ரிசீவரை வைத்தார்.

அடுத்த நாள் எங்கள் பேஸ்மென்ரில் கூடினோம். சுவர் அடைக்காத பேஸ்மென்ற். பெயின்ற் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு ஆட்கள் இருந்தார்கள். "நாங்கள் தனியச் செய்வம்," என்றார் ஜெயம் அக்கா. "வகுப்பு மட்டுமில்லை. பூசை, பாட்டு, எல்லாம்."

கோபம் எல்லோருக்கும் இருந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம் இருந்தது. சபையை விட்டால் இந்த நாட்டில் எங்களுக்கு யார்? கல்யாணத்துக்கு யார் வருவார்கள்? அன்ரன், தோளில் கட்டோடு, மெல்லக் கேட்டார்: "நான் செத்தால் பெட்டி தூக்கவும் ஆள் காணாதே?" எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிய, சரி என்றோம்.

செபஸ்தி அண்ணைக்கு நேரில் சொல்லவேண்டும். ஜெயம் அக்காவும் நானும் போனோம். அவர் மனைவி தேத்தண்ணி வைத்தார். செபஸ்தி அண்ணை முழுவதையும் கேட்டுவிட்டு, ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"உங்களை எயார்போட்டிலை வந்து கூட்டிக்கொண்டு போனது நான்."

"ஓம் அண்ணை," என்றேன். "அதாலைதான் நேரிலை வந்தனாங்கள்."

"நாலு குடும்பம் சேர்ந்தால் சபையோ?"

"நீங்கள் தொடங்கேக்கை எத்தினை குடும்பம் அண்ணை?" ஜெயம் அக்காதான் கேட்டார், சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல.

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் எழும்பும்போது செபஸ்தி அண்ணை, "கவனமாய்ப் போங்கோ, ரோட்டு வழுக்கும்," என்றார். லிஃப்ட் கீழே வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அஜக்ஸ் கோவில் பாதர் வயதான ஐரிஷ்காரர். கோவிலோடு சேர்ந்த பள்ளிக்கூட ஜிம் சாவியைத் தந்துவிட்டு வேறொன்றும் கேட்கவில்லை. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசை போட்டு, ஒரு தமிழ்க் குருவானவரை அழைத்து, எங்கள் முதல் தமிழ்ப் பூசையை வைத்தோம். ஆர்மோனியம் இல்லை. ஜெயம் அக்கா சுருதி எடுத்துவிட, ஆளுக்கொரு பக்கமாகப் பாடினோம். அவ்வளவு மோசமான பாட்டை நான் பிறகு கேட்டதில்லை. அவ்வளவு சந்தோஷமாகவும் பாடினதில்லை. ஜெயம் அக்காவிடம் படித்த பிள்ளைகள் அங்கே முதல்நன்மை எடுத்தபோது நான் இரண்டு மூன்று தரம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து ஒருவரும் வரவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடங்கள் அப்படியே போயின. கல்யாண வீடுகளில் வேறு வேறு மேசைகளில் இருந்தோம். அதற்குள் ஸ்காபரோ நிரம்பி, ஆட்கள் கிழக்கே வந்துகொண்டே இருந்தார்கள். ஜிம் போதாமல் கோவிலுக்குள்ளேயே பூசை வைக்கவேண்டி வந்தது. கடைசியில் செபஸ்தி அண்ணையின் மகனும் அஜக்ஸில் வீடு வாங்கினான். தாயையும் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

ஒரு ஞாயிறு, கோவிலின் கடைசி வாங்குப் பலகையில் செபஸ்தி அண்ணை இருந்தார். உயரம் குறைந்தவர்போல் தெரிந்தார். நான் கிட்டப் போய், "அண்ணை, இண்டைக்கு முதல் வாசகம் நீங்கள் வாசிக்கவேணும்," என்றேன்.

"உங்கட சபை. உங்கட ஆக்கள் வாசிக்கட்டும்."

"கேக்கிறது நாங்கள்தானே அண்ணை."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழும்பினார். வாசித்து முடித்துத் திரும்பும்போது ஜெயம் அக்காவின் வாங்கருகே நின்று, "பிள்ளையின்ர நெத்தித் தழும்பு மாறிட்டுதோ?" என்று கேட்டார். பிள்ளை அப்போது யூனிவர்சிற்றியில். "மாறிட்டுது அண்ணை," என்றார் ஜெயம் அக்கா. அன்று பூசை முடியும்வரை அக்கா தலை நிமிரவில்லை.

செபஸ்தி அண்ணை இப்போது இல்லை. சென் ஜேம்ஸ் ரவுண் சபையும் இல்லை. இருந்தவர்கள் எல்லோரும் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். சோளக்காடும் போகிறது. அதெல்லாம் போகிறவைதான். போன மாதம் என் மகள் ரெலிபோனில், "அம்மா, we're moving to Calgary, வீடு பாத்தாச்சு," என்றாள். விமானத்தில் நாலு மணித்தியாலப் பயணம். ஓம் என்றேன். அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க ஒருவரும் இல்லை. காட்டுக்குப் போகிறாய் என்று சொல்லவும், போகாதே என்று மறிக்கவும், மீறிப் போனால் வருடக்கணக்காகக் கோபித்துக்கொள்ளவும் எங்களுக்கென்றால் ஒரு மனிதர் இருந்தார்.