மேலே போய் என்னிடமே வந்த லீவு

எங்கள் தெருவைத் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்த வருஷம் அது. மல்லாபூர் ஆலையில் நான் ஃபிட்டர். ஃபோர்மேன் ஊருக்குப் போனால் அவர் வேலையையும் நான்தான் பார்ப்பேன். அந்தத் தடவை அவர் போனபோது, கம்ப்யூட்டரில் லீவு அனுமதிக்கும் வரிசையில் அவரை எனக்குக் கீழே போட்டார்கள். நான் அவருக்குக் கீழே இருந்ததை யாரும் எடுக்கவில்லை.

அவர் திரும்பி வந்ததும், திங்கட்கிழமை மனைவியின் கண் ஆபரேஷனுக்கு லீவு கேட்டேன். ஃபோர்மேன் சரி என்று அழுத்தினார். அது மேனேஜருக்குப் போகாமல் என் போனுக்கே வந்தது. நான் அழுத்தினால் மறுபடியும் அவருக்குப் போனது.

"தேதியை மாத்த நக்கோங்க, மாத்தவே வேணாம். இதுக்கே எவ்வளவு நாள் காத்திருந்தோம்" என்றாள் மனைவி.

சனிக்கிழமை கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணிடம் ஓடினேன். "அங்கிள், அவருக்கு நீங்க பாஸ், உங்களுக்கு அவர் பாஸ். இது எப்படி மேனேஜர்கிட்ட போகும்?" என்று சிரித்தபடி, அவர் எனக்குக் கீழே இருந்ததை அழித்தாள். சாயங்காலம் லீவு கிடைத்தது.

"இன்னொருத்தருக்கு இப்படி ஆகக் கூடாதும்மா" என்றேன். ஒருவருக்குக் கீழே போடும் ஆளே அவருக்கு மேலேயும் இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காதபடி செய்தாள். உங்கள் ஆபீசில் இந்த வேலை பார்ப்பவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.