கடல் வழிக் கணக்கு

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை. எந்த ஊர்த் துறைமுகம் எத்தனை மைல், அங்கிருந்து புறப்பட்ட கப்பல் எப்போது இங்கே கரை சேரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு ரங்கூனிலிருந்து யார் வருவதாக இருந்தாலும் அவரிடம்தான் வந்து கேட்பார்கள். அவர் சொன்னால் தப்பாது. அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுவார், பெருமை என் தலைக்குத்தான் ஏறும். கடையில் புளி வாங்கப் போனால்கூட அந்தப் பேச்சை இழுத்துவிட்டுத்தான் திரும்புவேன்.

என் அப்பா இறந்தது சித்திரை வெயிலில். அவருக்கு ஒரே மகன், என் தம்பி, பம்பாயில் வேலையாக இருந்தான். ரயிலில் வந்தால் முகம் பார்க்க முடியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தோம். காலையில் தந்தி வந்தது. முதலாளி இரக்கப்பட்டு அவனைப் பத்து மணி விமானத்தில் ஏற்றிவிடுகிறாராம். எங்கள் தெருவில் அதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. எப்போது வந்து இறங்குவான் என்று பெரியப்பா என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

அவர் கரித்துண்டை எடுத்துச் சுவரில் கணக்குப் போட்டார். பம்பாய்க்கும் சென்னைக்கும் இத்தனை மைல், விமானம் மணிக்கு இத்தனை மைல் போகும் என்று வகுத்துப் பார்த்துவிட்டு, விளக்கு வைத்த பிறகுதான் மீனம்பாக்கத்தில் இறங்குவான் என்றார். பொழுது சாய்ந்தால் பிணம் எடுக்கக் கூடாது, இன்னொரு ராத்திரி உடம்பு தாங்காது. விமானம் அவ்வளவு நேரமா பறக்கும் என்று பெரியப்பாவுக்கு மட்டும் சந்தேகம். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ஹார்பரே அவரு கணக்குலதான் ஓடுது பெரிப்பா. அவரு சொன்னா சொன்னதுதான்" என்றேன்.

பெரியப்பாவும் சரியென்று எடுக்கச் சொல்லிவிட்டார். பெரியப்பா மகன் கொள்ளிச் சட்டியைத் தூக்கினான். ஆண்கள் எல்லோரும் காசிமேட்டுச் சுடுகாட்டுக்குப் போனார்கள். நாங்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தோம்.

நான் வாளியோடு வாசலில் நின்றபோது ஒரு டாக்ஸி வந்து நின்றது. வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. தம்பி இறங்கினான். ஈரத் தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அக்கா, நைனா எங்க?"

சுடுகாட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். போட்டிருந்த செருப்போடு ஓடினான். அவன் போய்ச் சேர்வதற்குள் தீ வைத்தாகிவிட்டது.

சாயங்காலம் எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, எப்படி இப்படி ஆயிற்று என்று தம்பி கேட்டான். என் வீட்டுக்காரர் சுவரைக் காட்டி விளக்கினார். பம்பாயிலிருந்து கப்பல் கிளம்பினால் கொச்சியைத் தாண்டி, சிலோனைச் சுற்றிக்கொண்டுதான் சென்னைக்கு வரும், அந்த மைல் கணக்கைத்தான் போட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவருக்குப் பாதியில் குரல் நின்றுவிட்டது. பம்பாய் ரயில் பேசின் பிரிட்ஜைத் தாண்டித் தரையோடு போகிறது என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

தம்பி கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டான்.

"ரயிலு இன்னா, சிலோனச் சுத்திகினா வருது மாமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வீட்டுக்காரருக்காவது கணக்குத் தப்பியது, எனக்கு என்ன கேடு?

மறுநாள் காலை சுடுகாட்டுக்குப் பால் ஊற்றப் போனார்கள். கொள்ளி வைத்த பெரியப்பா மகன் முன்னால் நடந்தான். என் தம்பி பால் செம்பைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனான்.