எதிர் நாற்காலி

சிங்கப்பூரில் ஒரு நாற்காலியில் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அதற்கு ஆள் வருகிறது என்று அர்த்தம். யாரும் தொடமாட்டார்கள். தேக்கா பக்கத்துக் காப்பிக்கடையில் தனியாகச் சாப்பிடும்போதெல்லாம் எதிர் நாற்காலியில் ஒரு பாக்கெட்டை வைத்துவிடுவேன். யாரோ வரப்போகிறார்கள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எவருடைய பரிதாபமும் எனக்கு வேண்டாம்.

போன வருஷம் ஒரு மாதம் லீவு போட்டுவிட்டுத் தனியாக ஸ்பெயினுக்குப் போய் ஒரு மொழிப் பள்ளியில் சேர்ந்தேன். அங்கே ஸ்பானிஷ் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது. முதல் நாள் மதியச் சாப்பாட்டில் பழக்கதோஷத்தில் எதிரே பாக்கெட்டை வைத்தேன். என் வகுப்பு ஜெர்மன்காரி ஒருத்தி வந்து, அதிலிருந்து ஒரு தாளை உருவி மூக்கைச் சிந்தி, நன்றி சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. திட்டுவதற்கு ஸ்பானிஷ் தெரியவில்லை. அதனால் பேரைக் கேட்டேன்.

அதன்பிறகு நாலு வாரமும் அந்த நாற்காலி காலியாக இருக்கவில்லை. அந்த அரைகுறை மொழியில் பேசிய அளவுக்கு நான் தமிழில்கூட யாரிடமும் பேசியதில்லை.

சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கிய மறுநாளே காப்பிக்கடைக்குப் போனேன். பாக்கெட்டைக் கைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. தோசை ஆறிப்போனது. கடைசியில் ஒருவர் வந்து நின்றார்.

“அக்கா, இங்க ஆள் இருக்கா?”

“யாரும் இல்ல லா” என்று அவசரமாகத் தட்டை என் பக்கம் இழுத்து இடம் விட்டேன்.

“தேங்க்ஸ்க்கா” என்றவர், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போய்விட்டார்.