முப்பத்தாறு சிப்பில் ஒன்று குறைவு

1. கீழே வைத்த மதர்போர்டு

கையில் இருந்த மதர்போர்டை நான் கீழே வைத்திருக்கக் கூடாது. எல்லாத் தொல்லையும் அந்த ஒரு நொடியில்தான் ஆரம்பித்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கணினி பழுதுபார்க்கும் வேலையில் 32 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு கள்ளிக்குப்பத்தில். இப்போது பழைய கணினிப் பாகங்களைச் சேகரிக்கிறேன். மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்று ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் எங்கள் சந்தை கூடும். அன்று 19 பேர் வந்திருந்தார்கள். பணம் செல்லாது, பொருளுக்குப் பொருள்தான். இன்னொரு விதியும் உண்டு. ஒரு பொருள் உங்கள் கையில் இருக்கும்வரை மற்றவர்கள் அதைக் கேட்கக் கூடாது. கீழே வைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

எனக்கு ஒரு எக்ஸ்டி மதர்போர்டு அவசரமாகத் தேவைப்பட்டது. எக்ஸ்டி என்பது அலுவலகங்களுக்கு முதன்முதலில் வந்த கணினி வகை. அதன் கேபினெட், பவர் சப்ளை, கீபோர்டு, மானிட்டர் எல்லாம் நான்கு வருடமாக என்னிடம் இருந்தன. மதர்போர்டு மட்டும் இல்லை. இந்த நேரத்தில் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். என் சேகரிப்பு இருக்கும் அறைதான் அவளுக்கு. மனைவி சாந்தா கெடு வைத்துவிட்டாள்.

"இத்தனை வெச்சிருக்கீங்களே, ஒண்ணாவது ஓடுதா? அவ வர்றதுக்குள்ள ஒரே ஒரு மிஷினை ஓட்டிக் காட்டுங்க. இல்லைன்னா மொத்தமும் காயலான் கடைக்குத்தான்."

கெடு முடிய 12 நாள்.

அன்று ஒருவர் விரித்திருந்த செய்தித்தாளில் எக்ஸ்டி போர்டு இருந்தது. எடுத்துக்கொண்டேன். இந்த வகைப் போர்டை வாங்கும்முன் மெமரி சிப்புகளை எண்ண வேண்டும். வரிசைக்கு 9, நான்கு வரிசை, ஆக 36. எட்டு சிப் தகவலை வைத்திருக்கும், ஒன்பதாவது அதைச் சரிபார்க்கும். நான் எப்போதும் கடைசி வரிசையிலிருந்து மேலே எண்ணுவேன். மூன்று வரிசை முடித்து 27 வந்தபோது வியர்வையில் மூக்குக்கண்ணாடி வழுக்கியது. போர்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி மாட்டிப் பார்த்தபோது போர்டு தேவராஜ் கையில் இருந்தது.

தேவராஜுக்குச் செம்பரம்பாக்கம் பக்கம் பூர்வீக நிலம். நெல் போட்ட இடத்தில் இப்போது கிடங்கு. அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் போட்டுவிட்டுப் போன கணினிகளில் பிடித்த பைத்தியம் அவருக்கு. குடியிருப்பது ஆவடியில்.

"தேவராஜ், அதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்."

"எண்ணிகினு தான இருந்த சாரே, வாங்கிகினு இல்லியே!"

19 பேரில் 17 பேர் சிரித்தார்கள். தேவராஜ் போர்டுக்காரரிடம் ஒரு பழைய பிரிண்டரைக் கொடுத்துவிட்டுப் போர்டோடு போய்விட்டார்.

2. எட்டா, ஒன்பதா

ஆறாம் நாள் காலை தேவராஜ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். போர்டைக் கம்பளிப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கம்பளியில்! அதில் உண்டாகும் நிலைமின்சாரம் எத்தனை சிப்பைக் கொல்லும் என்று இவருக்கு யார் சொல்வது?

"இன்னா பண்ணாலும் உயிர் வர மாட்டேங்குது சாரே. ஃபேன் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணியும் காணோம். கொஞ்சம் பாரேன்."

பார்த்தேன். அன்று எண்ணாமல் விட்ட முதல் வரிசையில் எட்டு சிப்தான் இருந்தது. ஒன்பதாவது சாக்கெட் காலி. மொத்தம் 35. முதல் வரிசையில் ஒன்று இல்லாவிட்டாலும் போர்டு வாயே திறக்காது. அந்த ரகச் சிப் என் டப்பாவில் 11 இருந்தது.

"செத்துட்ச்சா?" என்றார் தேவராஜ்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போர்டை என் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் 32 வருடம் சர்வீஸ் ரிப்போர்ட் எழுதிய வாய் அது.

"சாகவில்லை. ஒரு சிப் குறைகிறது. என்னிடம் இருக்கிறது."

"அப்டிப் போடு! ஒண்ணு குடு."

"போர்டைக் கொடுங்கள், தருகிறேன்."

"ஒரு பொடி சிப்புக்கு முழு போர்டா? பலே ஆளு சாரே நீ!"

"அந்தப் பொடி இல்லாவிட்டால் இது வெறும் முறம்."

"இருந்துட்டுப் போவுது. ஊட்ல அரிசி பொடைச்சிக்கிறேன்."

சாந்தா நாங்கள் இருந்த அந்தச் சேகரிப்பு அறையில் மகளுக்குக் கட்டில் போட இடம் அளந்துகொண்டிருந்தாள். கையில் டேப்போடு திரும்பினாள்.

"அண்ணே, போர்டுக்குப் பதிலா வேற என்ன வேணும் உங்களுக்கு?"

தேவராஜின் கண் அலமாரிக்குப் போயிற்று. "அந்த ஃபிளாப்பி டிரைவு ரெண்டு குட்தா போதும் தங்கச்சி."

"ரெண்டு எதுக்கு? இந்த மிஷினை விட்டுட்டு மிச்சம் எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

"சாந்தா! மிச்சம் 213 இருக்கிறது!"

"அப்ப 213-ம்."

தேவராஜ் ஒரு டிரைவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "கைல எடுத்துட்டேன் சாரே. வாக்கு மாறக் கூடாது."

"அதில் 41 பொருள் என்னவென்றே நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை."

"எங்கூட்டாண்ட வந்து கண்டுபுடி. வாணாம்னா சொல்றேன்?"

"முதல்ல இது ஓடுதான்னு பாருங்க" என்றாள் சாந்தா. "ஓடலைன்னா இதுவும் அண்ணன் வண்டியிலதான் ஏறும்."

3. ஓட்டிக் காட்டியது

சிப்புக்கு 16 கால். அழுத்தும்போது ஒரு கால் உள்ளே மடங்கிவிட்டது. பிடுங்கி, இடுக்கியால் நிமிர்த்தி, மறுபடி வைத்தேன். சிப்பின் திசையைக் காட்டும் பள்ளம் எந்தப் பக்கம் என்று மூன்று முறை பார்த்தேன். "நாலாவது தபா பாத்தா பள்ளம் இடம் மாறிடுமா?" என்றார் தேவராஜ். மதர்போர்டைக் கேபினெட்டில் பொருத்தி ஸ்விட்சைப் போட்டேன்.

திரை கறுப்பாகவே இருந்தது. ஒன்பது நொடி. சாந்தா டேப்பைச் சுருட்டினாள். பதினொன்றாம் நொடியில் பச்சை எழுத்து வந்தது. இந்த ரகக் கணினி விழித்தவுடன் தன் நினைவகத்தை வரிசைக்கு 64 கிலோபைட் வீதம் தானே எண்ணிப் பார்க்கும். 64. 128. 192. கடைசி வரிசையில் கொஞ்சம் தயங்கியது. 256.

"உங்க ஆளுதான்" என்றாள் சாந்தா. "இதுவும் எண்ணிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும் போல." பிறகு அதன் அகலத்தை அளந்தாள். "ஜன்னலுக்குக் கீழ வைங்க. தொட்டில் மேல இடிக்காது."

மதியம் தேவராஜ் குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியோடு வந்து 213-ஐயும் ஏற்றிக்கொண்டு போனார். ஏற்றும்போது இரண்டு முறை எண்ணினேன். இப்போது ஞாயிறுதோறும் ஆவடிக்குப் போய் அந்த 41-ஐ ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு சீட்டு ஒட்டுகிறேன். 17 முடிந்தது.

புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போர்டு அடுத்தவருடையதாக இருந்தாலும் பழுதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். அதனால் எனக்கு 213 பொருள் போயின. ஆனால் அவை எல்லாம் வீட்டில் இருந்த நாளில் ஓடியது பூஜ்யம். இன்று ஓடுவது ஒன்று.